பைக் ஓட்டும் பிள்ளைகளுக்கு முதலுதவிப் பயிற்சி: ஆம்புலன்ஸ் வரும்வரை நம் கைகள் செய்ய வேண்டியது

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து ஒட்டப்பிடாரம் வழியாகக் குறுக்குச்சாலைக்கும் புதியம்புத்தூருக்கும் போகிற சாலைகளில் பைக் ஏன் சறுக்குகிறது என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஐப்பசி மழையில் காட்டிலிருந்து ரோட்டில் ஏறும் டிராக்டர், சக்கரத்தில் ஒட்டிய கரிசல் மண்ணைத் தாரில் அப்பிவிட்டுப் போகும். நனைந்த கரிசல் சோப்பு மாதிரி வழுக்கும். அறுவடை முடிந்தால் அதே ரோட்டில் உளுந்தும் கம்பும் காயும். வளைவுகளைச் சீமைக்கருவேலம் மறைத்து நிற்கும். நெடுஞ்சாலையைத் தொட்டுவிட்டால் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கனரக லாரிகள்.

சில வருடங்களுக்கு முன் அந்த வட்டாரத்தில் இமாமாக இருந்தபோது, மஃரிபுக்குப் பிறகு வந்துகொண்டிருந்த என் கண் முன்னாலேயே ஓர் இளைஞர் அந்த மண்ணில் சறுக்கி விழுந்தார். ஓடினோம். முகம் முழுக்க மூடிய ஹெல்மெட் போட்டிருந்தார். மூச்சு முட்டுமே என்று நான்தான் அதைப் பிடித்து இழுத்துக் கழற்றினேன். ஒருவர் முதுகில் கை கொடுத்து உட்கார வைத்தார். இன்னொருவர் கடையிலிருந்து சோடா வாங்கி வந்து வாயில் ஊற்றினார். பிறகு கையையும் காலையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, ஒரு குட்டியானையின் பின்புறத்தில் மடக்கிப் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்தது. நல்லது செய்துவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ஹெல்மெட்டை யார் கழற்றினது?" என்பதுதான். கழுத்தெலும்பில் முறிவு இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டார். ஆனால் இடது கையில் பிடிமானம் முழுதாகத் திரும்பவில்லை. விழுந்த வேகத்திலேயே அப்படி ஆகியிருக்கலாம், நாங்கள் தூக்கியதால் அதிகமாகியிருக்கலாம், எது என்று இனிச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அதற்கு இரண்டு ஜும்ஆவுக்கு முன்புதான் அல்மாயிதா அத்தியாயத்தின் 32-ஆம் வசனத்தை ஓதி, ஓர் உயிரைக் காப்பதன் சிறப்பைப் பற்றி அரை மணி நேரம் பயான் செய்திருந்தேன். நாவுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. பிறகுதான் ஒரு நாள் முதலுதவிப் பயிற்சியில் போய் உட்கார்ந்தேன். அங்கே கற்றதையும் அதன் பிறகு படித்ததையும் நம் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பைக்குக்கு ஏன் தனிப் பயிற்சி?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

காரில் போகிறவரைச் சுற்றி ஒரு கூடு இருக்கிறது. பைக்கில் போகிறவர் தூக்கி எறியப்படுகிறார். அதனால் தலை, கழுத்து, தொடை எலும்பு, அடிவயிறு ஆகியவற்றில்தான் அடி விழும். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலே உள்ளே ஒரு லிட்டருக்கு மேல் தேங்கிவிட முடியும். சமையலறைக் காயத்துக்குப் பஞ்சும் மருந்தும் வைக்கத் தெரிந்த முதலுதவி இதற்குப் போதாது.

நம் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. பேருந்து நடத்துநர் உரிமம் வாங்க முதலுதவிச் சான்றிதழ் கேட்கிறார்கள். பைக் ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டுப் போட்டுக் காட்டினால் போதும். ஜெர்மனியில் 1969 முதலே ஓட்டுநர் உரிமம் கேட்பவர் முதலுதவி கற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். இன்று அது 45 நிமிடங்கள் கொண்ட 9 பாடங்கள், பைக் உரிமத்துக்கும் உண்டு. இங்கே சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

விழுந்தவரை நெருங்குமுன்

முதலில் உங்களைப் பாருங்கள். ஒரு விபத்தைப் பார்க்க ஓடியவர் அடுத்த லாரியில் அடிபடுவது அடிக்கடி நடக்கிறது. உங்கள் பைக்கை வாகனம் வரும் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி ஓரத்தில் நிறுத்தி இண்டிகேட்டரைப் போடுங்கள். இரவென்றால் ஒருவர் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு நூறடி முன்னால் போய் நிற்கட்டும். விழுந்த பைக்கின் சாவியை அணைத்துவிடுங்கள். பெட்ரோல் ஒழுகும், பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

உடனே 108. எடுப்பவர் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார், அவருக்கு நம் ஊர் தெரியாது. ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் குழப்பம் வரும். தூத்துக்குடி மாவட்டம், ஒட்டப்பிடாரம் வட்டம், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் சாலை, பக்கத்தில் என்ன இருக்கிறது, மைல்கல்லில் என்ன எண் என்று மேலிருந்து கீழாகச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு அடி, மூச்சு இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். போனை வைத்துவிடாமல் ஸ்பீக்கரில் போட்டு வைத்தால் அவர்களே வழிகாட்டுவார்கள்.

பிறகு அடிபட்டவரின் தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள், உலுக்க வேண்டாம். பதில் சொன்னால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். "அசையாதீங்க தம்பி, ஆம்புலன்ஸ் வருது" என்று சொல்லி, அவர் தலையின் இரு பக்கமும் உங்கள் இரண்டு கைகளையும் வைத்து, அவர் இருக்கும் நிலையிலேயே தலை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை இதை மட்டும் செய்தாலே பெரிய உதவி.

ஹெல்மெட்டைக் கழற்றலாமா?

பேசுகிறார், ஒழுங்காக மூச்சு விடுகிறார் என்றால் தொடாதீர்கள். முன் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிடுங்கள். ஆம்புலன்ஸ் பணியாளர்கள் வந்து கழற்றிக்கொள்வார்கள்.

மூச்சு இல்லை, மூச்சில் கரகரவென்று சத்தம் வருகிறது, அல்லது வாந்தியும் ரத்தமும் வாயை அடைக்கிறது என்றால் கழற்றத்தான் வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு ஹெல்மெட்டின் இரு பக்கமும் பிடித்து அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் நாடாவை அவிழ்த்து, வராவிட்டால் வெட்டி, ஒரு கையைப் பிடரிக்குக் கீழே கொடுத்து, மறு கையால் தாடையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். கழுத்தின் பொறுப்பு இப்போது இவர் கையில். தலைமாட்டில் இருப்பவர் ஹெல்மெட்டின் பக்கங்களை வெளிப்புறமாக விரித்தபடி, மூக்கு இடிக்காதபடி லேசாகச் சாய்த்துச் சாய்த்து மெதுவாக உருவ வேண்டும். உருவியதும் அவரே தலையை இரு கைகளாலும் வாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

படிக்க எளிதாக இருக்கிறது. பயிற்சியில் முதல் முறை செய்தபோது நாங்கள் மூன்று ஜோடியும் தவறவிட்டோம். இதைக் கட்டுரை படித்துக் கற்க முடியாது, கையால் செய்துதான் பழக வேண்டும். இருசக்கர வாகன ஓட்டிகளுக்கான பயிற்சி என்று யாராவது நடத்தினால், ஹெல்மெட் கழற்றுவதை ஒவ்வொருவரும் செய்து பார்க்க விடுவீர்களா என்று முதலில் கேளுங்கள்.

மூச்சும் ரத்தமும்

சுயநினைவில்லாமல் மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடும். விபத்தில் இறப்பவர்களில் சிலர் காயத்தால் அல்ல, இதனால் போகிறார்கள். தலையைப் பின்னால் வளைக்காமல், தாடையின் இரு மூலைகளிலும் விரல் கொடுத்துக் கீழ்த்தாடையை முன்னோக்கித் தள்ளினால் மூச்சுப்பாதை திறக்கும். வாந்தி வந்தால் தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே கட்டையாகத் திரும்பும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருக்களித்துப் புரட்டுங்கள். தனியாக இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். கழுத்து என்ன ஆகுமோ என்று பயந்து மூச்சுத் திணற விட்டுவிடக் கூடாது. கழுத்தைவிட மூச்சு முந்தியது.

ரத்தம் பீறிட்டால் கைக்குக் கிடைத்த சுத்தமான துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் முழு பலத்தோடு அழுத்துங்கள். துண்டு, தலைப்பாகை, துப்பட்டா எதுவானாலும் சரி. நனைந்துவிட்டால் எடுத்துப் பார்க்காதீர்கள். அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி ஓடும். கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம். அதைச் சுற்றித் துணி வைத்து அழுத்துங்கள். மண் அள்ளிப் போடுவது, காப்பித்தூள் வைப்பது எல்லாம் மருத்துவமனையில் காயத்தைக் கழுவுகிறவருக்குத்தான் வேலை.

மூச்சே இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் கோர்த்து வைத்து, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். எப்போதோ ஒருமுறை மீன் வாயைத் திறப்பதுபோல இழுப்பது மூச்சு அல்ல. விபத்தில் இதயம் நிற்பது பெரும்பாலும் ரத்தம் போவதால்தான். ஆகவே ஒருவர் நெஞ்சை அழுத்தும்போது இன்னொருவர் ரத்தத்தை நிறுத்த வேண்டும்.

108 வர வழியே இல்லாத இடமென்றால் மட்டும் நாமே கொண்டுபோக வேண்டும். பெஞ்சோ பலகையோ கதவோ, நேராகப் படுக்க வைக்க ஏதாவது தேடுங்கள். பைக்கில் இருவருக்கு நடுவே சாய்த்து உட்கார வைத்துக் கொண்டுபோவதை இன்றும் பார்க்கிறேன். அதை யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள்.

கலிமா, கிப்லா, தண்ணீர்

இதை ஓர் ஆலிமாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். துடிப்பவரைப் பார்த்ததும் ஸகராத் நிலை என்று நினைத்து நம்மவர்கள் மூன்று காரியம் செய்வார்கள். கலிமாவைச் சொல்லிக்கொடுப்பார்கள். கிப்லாவை நோக்கித் திருப்புவார்கள். வாயில் தண்ணீரோ ஸம்ஸமோ விடுவார்கள்.

காதருகே மென்மையாகக் கலிமா சொல்வதில் தடை எதுவும் இல்லை. ஆனால் திருப்பாதீர்கள். மரணத் தறுவாயில் இருப்பவரைக் கிப்லாவை நோக்கித் திருப்புவதை விரும்பத்தக்கது என்று சொல்லும் அதே ஃபிக்ஹு நூல்கள், அவருக்குச் சிரமம் என்றால் இருக்கும் நிலையிலேயே விட்டுவிடச் சொல்கின்றன. முதுகெலும்பு முறிந்திருக்கக்கூடியவருக்கு அதைவிடப் பெரிய சிரமம் எது? தண்ணீரும் அப்படியே. சுயநினைவு மங்கியவர் வாயில் விட்ட தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிற்றில் கிடக்கும் சோடா மயக்க மருந்து கொடுக்கும்போது ஆபத்தாகும். உதடு காய்ந்தால் ஈரத்துணியால் ஒற்றிவிடுங்கள், போதும்.

அடிபட்டது அந்நியப் பெண்ணாக இருந்தால் தொடலாமா என்று பயிற்சியில் ஓர் இளைஞர் தயங்கிக் கேட்டார். உயிருக்கு ஆபத்தான கட்டாய நிலையில், பெண் உதவியாளர் யாரும் இல்லாதபோது, தேவையான அளவு தொட்டுச் சிகிச்சை செய்வதை நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களும் அனுமதிக்கிறார்கள். தொழுதுகொண்டிருக்கும்போது வெளியே விபத்துச் சத்தமும் அலறலும் கேட்டால்? உதவ வேறு ஆள் இல்லையென்றால் தொழுகையை முறித்துக்கொண்டு ஓடுவது கடமை. நம் கடலோர ஊர்களின் ஷாஃபிஈ நூல்களும் உள்நாட்டு ஊர்களின் ஹனஃபி நூல்களும் இதில் ஒன்றுதான். ஆடையில் ரத்தம் படுவது உதவாமல் இருக்கக் காரணமாகாது. மாற்று உடை உடுத்தித் தொழுதுகொள்ளலாம்.

"போலீஸ், கோர்ட்டுன்னு அலைய முடியாதுங்க ஹஜ்ரத்"

அதிகம் கேட்ட பதில் இது. ஒரு காலத்தில் நியாயமான பயம்தான். கார் மோதி விழுந்த ஒரு ஸ்கூட்டர்காரரை, போலீஸ் வழக்குகளைப் பார்க்கும் அனுமதி எங்களுக்கில்லை என்று ஒரு மருத்துவமனை 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறு மருத்துவமனைக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்தார். அந்தச் செய்தியை வைத்துத்தான் பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். 1989-இல் வந்த தீர்ப்பு, முதலில் உயிரைக் காப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை, சட்ட நடைமுறைகள் அதன் பிறகுதான் என்றது.

உதவியவருக்கான பாதுகாப்பை 30 மார்ச் 2016 அன்று சேவ்லைஃப் பவுண்டேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவாகவே அது சேர்ந்தது. நல்ல எண்ணத்தோடு உதவியவர் மீது, உதவியதில் தவறு நேர்ந்தாலும், உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ போட முடியாது. பெயர், முகவரி சொல்லச் சொல்லிப் போலீசும் கட்டாயப்படுத்தக் கூடாது, மருத்துவமனையும் கூடாது. பணம் கட்டச் சொல்லி நிறுத்தி வைக்க முடியாது. சாட்சி சொல்வது உங்கள் விருப்பம்.

செலவுக்கும் வழி இருக்கிறது. 18 டிசம்பர் 2021 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலம் என்ற கேள்வி இல்லை. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. முதலில் ஒரு லட்சமாக இருந்த உச்சவரம்பு பிறகு இரண்டு லட்சமானது. மத்திய அரசும் 2025 மே முதல் ஏழு நாட்கள் வரை ஒன்றரை லட்ச ரூபாய்க்கான கட்டணமில்லாச் சிகிச்சையை அறிவித்திருக்கிறது. அனுமதிக்கும்போதே இந்தத் திட்டங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டுப் பெண்களுக்கும்

ருஃபைதா அல்அஸ்லமிய்யா (ரலி) அவர்களின் கூடாரம் மதீனாவின் பள்ளிவாசலிலேயே இருந்தது. 627-இல் அகழ்ப் போரில் காயம்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அங்கேதான் கிடத்தப்பட்டார்கள். முதலுதவிப் பயிற்சிக்குப் பள்ளிவாசலில் இடம் கொடுக்கலாமா, பெண்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

பெண்களுக்கென்று வரும் பைக் விபத்துகள் வேறு. பர்தாவின் ஓரமும் துப்பட்டாவும் செயினிலோ பின்சக்கரத்திலோ சிக்கும். நொடியில் கழுத்தை இறுக்கிக் கீழே இழுத்துவிடும். அப்போது துணியைப் பிடித்து இழுக்கவோ சக்கரத்தைச் சுற்றவோ கூடாது. இன்ஜினை அணைத்து, கழுத்துப் பக்கமாகத் துணியை வெட்ட வேண்டும். ஒரு சின்னக் கத்தரிக்கோல் சீட்டுக்கடியில் இருப்பது இதற்காகத்தான். சேலைத் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டும் பிள்ளைகளைக் கண்டியுங்கள்.

சைலன்சர் சூடு குழந்தைகளின் கெண்டைக்காலில்தான் படும். இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் வையுங்கள். பற்பசை, மஞ்சள், பேனா மை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். செயினில் விரல் துண்டானால் துண்டை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது.

தாய்மார்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. பையன் விழுந்து, தானே எழுந்து, "ஒண்ணும் ஆகலம்மா" என்று வீட்டுக்கு வந்து படுத்துவிடுவான். அடுத்த 24 மணி நேரம் கண்காணியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், பேச்சில் குழறல், காது மூக்கில் ரத்தமோ தண்ணீர் போன்ற கசிவோ எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹேண்டில்பார் வயிற்றில் இடித்திருந்தால் தோலில் கீறல்கூட இல்லாமல் மண்ணீரலோ ஈரலோ கிழிந்திருக்கலாம். முகம் வெளுத்து, குளிர்ந்து வியர்த்து, வயிறு கல்லாகிறது என்றால் காத்திருக்கக் கூடாது.

ஜமாஅத் செய்யக்கூடியது

பயிற்சி தர ஆட்கள் இருக்கிறார்கள். இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையையும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பையும் கேட்கலாம். தீயணைப்பு நிலையத்தில் கேட்டாலும் செய்முறை காட்டுவார்கள். முப்பது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், கூட்டம் கூடினால் பயிற்சி பயானாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு பழைய ஹெல்மெட், பாய், பழைய துண்டுகள் போதும். பெண்களுக்கு ஒரு செவிலியரைக் கொண்டு தனியாக. எங்கள் பள்ளிவாசலில் சந்தூக் வைக்கும் அறையில் இப்போது ஒரு ஸ்ட்ரெச்சரும் இருக்கிறது. மதம் பார்க்காமல் யார் கேட்டாலும் சாவி கொடுக்கச் சொல்லி முஅத்தினிடம் சொல்லியிருக்கிறோம்.

ஒருமுறை கற்றது ஆறு மாதத்தில் மறக்கத் தொடங்கும். வருடத்துக்கு ஒரு தடவையாவது திரும்பச் செய்ய வேண்டும். நாங்கள் ஷஅபான் மாதத்தை எடுத்துக்கொண்டோம். ரமளான் இரவுகளில் தராவீஹ் முடிந்து மூன்று பேராக ஒரே பைக்கில் சுற்றுவதும், பெருநாளன்று புதுச் சட்டையோடு ஹெல்மெட் இல்லாமல் பறப்பதும் நம் பிள்ளைகள்தான்.